‘வாங்கப் போகிறார்களாம்’: ஒரு வதந்தியின் விலை என்ன?

சென்ற மாதம் கல்வி உதவி விண்ணப்பங்களை வாங்குவதற்காக நாம் அமர்ந்திருந்தபோது ஒரு தகப்பனார் வந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் சவூதியில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். இத்தனை காலம் நமது அறக்கட்டளைக்குக் கொடுப்பவர் வரிசையில் நின்றவர். வாங்குபவர் வரிசையில் அவரை நாம் பார்த்ததில்லை. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் 1,90,000 ரூபாய் கட்ட வேண்டும். பணம் இருக்கிறதா என்று கேட்டோம். “இருக்கு. ஆனா இல்லை” என்றார்.

மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த 4 லட்சம் ரூபாயை, மூத்த மகனின் பேச்சைக் கேட்டு ஒரே நிறுவனத்தின் பங்கில் போட்டிருக்கிறார். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளைச் செய்யும் சிறிய நிறுவனம் அது. “பெரிய கம்பெனி ஒண்ணு இதை வாங்கப் போகுது வாப்பா, பத்து நாள்ல ரெட்டிப்பு” என்று மகன் சொன்னது டெலிகிராம் குழுவில் வந்த செய்தி. 80 ரூபாய் வீதம் 5,000 பங்குகள் வாங்கினார்கள். ஒரு வாரம் ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கி, அவர் நம்மிடம் வந்த அன்று 46 ரூபாயில் நின்றது. வாங்குவதாகச் சொல்லப்பட்ட பெரிய நிறுவனம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்படியொரு எண்ணம் அதற்கு இருந்ததா என்பதற்கே எந்த அடையாளமும் இல்லை.

பெயரைச் சொல்லாமல் இதை எழுத அவரே அனுமதி தந்தார். “என்னைப் போல இன்னும் நாலு பேர் இருப்பாங்க, எழுதுங்க” என்றார். நாலு பேர் மட்டும்தானா என்பதில் நமக்குச் சந்தேகமே. தெரு முனைத் தேநீர்க் கடையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இப்போது இந்தப் பேச்சுதான். ஆகவே இந்த மாதப் பாடத்தை, ‘ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கப் போகிறதாம்’ என்ற செய்தி எப்படி வேலை செய்கிறது என்பதற்கே ஒதுக்கினோம்.

பங்கு வாங்குவது கூடுமா கூடாதா, எந்தத் தொழில் செய்யும் நிறுவனத்தின் பங்கு கூடும் என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லவில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் பேசுவது அதற்கு அடுத்த கட்டம். கூடும் என்ற பதிலைப் பெற்றவரும் ஏமாறலாம் அல்லவா?

எமுலெக்ஸ் என்றொரு நிறுவனம்

உதாரணத்திற்கு அமெரிக்காவின் எமுலெக்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றால், அதன் கதை முழுவதும் நீதிமன்றப் பதிவுகளிலும் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஆவணங்களிலும் திறந்து கிடக்கிறது. பொய்ச் செய்தியால் விலை சரிந்தது, உண்மையான வாங்கல் முயற்சியால் விலை ஏறியது, அந்த முயற்சி கைவிடப்பட்டது, கடைசியில் வேறொருவர் வாங்கியது என எல்லாமே ஒரே நிறுவனத்திற்கு நடந்திருக்கின்றன. இப்படி ஒரு பாடப்புத்தகம் எளிதில் அமையாது.

எமுலெக்ஸ் 1979-ல் தொடங்கப்பட்டது. கலிஃபோர்னியா மாநிலத்தில் கோஸ்டா மேசா என்ற ஊரில் இயங்கியது. வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் ஒரு பெரிய அறை நிறைய சர்வர்கள் இருக்கும். தகவல்கள் எல்லாம் சேமிப்புப் பெட்டிகளில் வேறோர் அலமாரியில் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே தகவலை வேகமாகக் கொண்டுபோக ‘ஃபைபர் சேனல்’ என்றொரு இணைப்பு முறை உண்டு. சர்வருக்குள் செருகப்பட்டு அந்த இணைப்பைத் தரும் அட்டைதான் எமுலெக்ஸின் முக்கிய சரக்கு. கடையில் நாம் பார்க்கும் பொருள் அல்ல. பெயர் தெரிந்தவர்களும் குறைவு. அந்தத் துறையில் அதற்கு நேர்ப் போட்டியாளர் கியூலாஜிக் என்ற நிறுவனம். அதுவும் ஒரு காலத்தில் எமுலெக்ஸின் வயிற்றிலிருந்து பிரிந்து போனதுதான்.

இப்படி ஒரு சிறிய இடத்தில் இரண்டே பேர் கடை விரித்திருந்தால், பெரிய நிறுவனங்களின் கண் அங்கே விழும். புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கி வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் கடையை வாங்குவது சுலபம். ஆகவே ‘இதை யாராவது வாங்குவார்கள்’ என்ற பேச்சு இத்தகைய நிறுவனங்களைச் சுற்றி எப்போதும் இருக்கும். அதில் நியாயமும் உண்டு. நியாயம் இருப்பதுதான் ஆபத்து. முற்றிலும் அபத்தமான வதந்தியை யாரும் நம்புவதில்லை. நடக்கக்கூடியது போலத் தோன்றும் வதந்திதான் பணத்தை இழுக்கிறது.

பதினைந்து நிமிடங்களில்

2000 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கில் காலை 9.30 மணி, சந்தை திறக்கும் நேரம். நம் ஊரில் மஃரிபு முடிந்து வீடு திரும்பும் வேளை. ‘இன்டர்நெட் வயர்’ என்ற செய்தி விநியோக நிறுவனத்தின் வழியாக ஓர் அறிக்கை வெளியானது. எமுலெக்ஸின் தலைமை அதிகாரி பதவி விலகிவிட்டார். முந்தைய ஆண்டுகளின் லாபக் கணக்கைத் திருத்தி எழுதப் போகிறார்கள். பங்குச் சந்தை ஆணையம் விசாரணை தொடங்கிவிட்டது. இவ்வளவும் அந்த ஒரே அறிக்கையில் இருந்தது. ஒரு வரியும் உண்மையில்லை.

அதை எழுதியவர் 23 வயதுக் கல்லூரி மாணவர். முன்பு அதே இன்டர்நெட் வயர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதால், எப்படி அனுப்பினால் அறிக்கை கேள்வியின்றி உள்ளே போகும் என்பது அவருக்குத் தெரியும். ஏன் செய்தார்? ஒரு வாரத்திற்கு முன் அவர் எமுலெக்ஸ் பங்குகளை ‘ஷார்ட்’ அடித்திருந்தார். அதாவது, தம்மிடம் இல்லாத பங்கைத் தரகரிடம் இரவல் வாங்கி இன்றைய விலைக்கு விற்பது. விலை இறங்கியதும் குறைந்த விலைக்கு வாங்கி இரவலைத் திருப்பிக் கொடுப்பது. இடையிலுள்ள வித்தியாசம் லாபம். விலை இறங்காமல் ஏறிவிட்டால்? ஏறிவிட்டது. அவருக்கு ஏறத்தாழ 97,000 டாலர் நஷ்டம் வந்து நின்றது. தரகர் மேற்கொண்டு பணம் கட்டச் சொன்னார். பணம் இல்லை. விலையைத் தாமே இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

கைவசம் இல்லாததை விற்பது பற்றியும், வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடும் ‘நஜ்ஷ்’ பற்றியும் நம் மார்க்க வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். சந்தைக்கு வந்த கணினி அந்தப் பழைய தந்திரங்களை ஒழிக்கவில்லை. கொஞ்சம் வேகப்படுத்திக் கொடுத்தது, அவ்வளவே.

அறிக்கையைப் பெரிய பொருளாதாரச் செய்தி நிறுவனங்கள் எடுத்து வெளியிட்டன. எமுலெக்ஸுக்கு ஒரு தொலைபேசி செய்து கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் இன்னொரு கணக்கு இருந்தது. நியூயார்க்கில் 9.30 என்றால் கலிஃபோர்னியாவில் காலை 6.30. அலுவலகம் திறக்கவில்லை. முந்தின நாள் 113 டாலரில் முடிந்திருந்த பங்கு, செய்தி பரவத் தொடங்கிய ஏறத்தாழ பதினைந்து நிமிடத்தில் 43 டாலர்வரை விழுந்தது. நாஸ்டாக் சந்தை வியாபாரத்தை நிறுத்தி வைத்தபோது நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 220 கோடி டாலர் காணாமல் போயிருந்தது. நிறுவனம் மறுப்பு வெளியிட்ட பிறகு வியாபாரம் மீண்டும் தொடங்கி, அன்று மாலையே பங்கு 105 டாலருக்கு மேல் முடிந்தது.

‘அப்படியானால் யாருக்கும் நஷ்டமில்லையே, விலை திரும்பி வந்துவிட்டதே’ என்று வகுப்பில் ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. விலை திரும்பியது; பங்கு திரும்பவில்லை. நடுவில் பயந்துபோய் 60-க்கும் 50-க்கும் விற்றவர்களுடைய பங்கு அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அந்த வியாபாரங்கள் ரத்து செய்யப்படவும் இல்லை. ‘இவ்வளவுக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு’ என்று முன்கூட்டியே உத்தரவு கொடுத்து வைத்திருந்த எச்சரிக்கையான ஆட்களும் தப்பவில்லை. அவர்கள் விழிப்பதற்குள் இயந்திரம் விற்று முடித்துவிட்டது. முதலீட்டாளர்களின் இழப்பு சுமார் 11 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அந்த இளைஞர் சம்பாதித்தது ஏறத்தாழ 2,40,000 டாலர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவர் எடுத்த ஒவ்வொரு டாலருக்கும் மற்றவர்கள் இழந்தது நானூற்றுக்கும் மேல்.

ஒரு வாரத்திற்குள் பிடிபட்டார். மறு ஆண்டு 44 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. லாபமும் பறிக்கப்பட்டது. விற்றுவிட்டு நின்றவர்களின் நிலைமை அதனால் மாறிவிடவில்லை.

இது வாங்கல் வதந்தி இல்லையே, நிறுவனம் கெட்டுவிட்டது என்ற வதந்திதானே என்று கேட்கலாம். திசை மட்டும்தான் வேறு. பயத்தை வைத்து இறக்கியது ஒன்று. ஆசையை வைத்து ஏற்றுவது மற்றொன்று. செய்தி வருவதற்கு முன்பே ஒருவர் தன் சரக்கை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்பது இரண்டுக்கும் பொது. டெலிகிராமில் அந்தச் செய்தியைப் போட்டவர் 80 ரூபாய்க்கு வாங்கவில்லை என்பது நிச்சயம். அந்த 80 ரூபாய்க்கு விற்றவர் யார் என்று மகனிடம் கேட்டோம். அவர் அதுவரை யோசித்ததே இல்லையாம்.

உண்மையாகவே ஒருவர் வாங்க வந்தபோது

எட்டு ஆண்டுகள் கழித்து, வதந்தி அல்ல, நிஜமாகவே ஒரு பெரிய நிறுவனம் எமுலெக்ஸின் கதவைத் தட்டியது. பிராட்காம். சிப்புகள் செய்யும் நிறுவனம். அதுவும் எமுலெக்ஸ் இருந்த அதே ஆரஞ்சு கவுண்டியில்தான் இருந்தது. பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். சர்வருக்கும் சேமிப்புப் பெட்டிக்கும் தனி வழி, சாதாரண வலையமைப்புக்குத் தனி வழி என்று இருந்ததை ஒரே ஈதர்நெட் வழியாக்கும் தொழில்நுட்பம் அப்போது பேசப்பட்டது. ஈதர்நெட் பிராட்காமின் கையில் இருந்தது. ஃபைபர் சேனல் அறிவு எமுலெக்ஸிடம் இருந்தது. வாங்க நினைத்ததில் வியப்பில்லை.

2008 இறுதியில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். எமுலெக்ஸ் இசையவில்லை. சில வாரங்களில், 2009 ஜனவரியில், எமுலெக்ஸின் இயக்குநர் குழு ஒரு தடுப்பு ஏற்பாட்டைச் செய்துகொண்டது. சந்தைப் பேச்சில் இதற்கு ‘விஷ மாத்திரை’ என்று பெயர். சம்மதமில்லாமல் ஒருவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பங்குகளைச் சேர்த்தால், மற்ற பங்குதாரர்கள் அனைவரும் மலிவு விலையில் புதுப் பங்குகள் வாங்கிக்கொள்ளலாம். வந்தவருடைய பங்கு விகிதம் நீர்த்துப் போகும்; வாங்கும் செலவு எகிறும். உரலுக்குள் தலையைக் கொடுக்க யாரும் விரும்ப மாட்டார்கள் என்பதே இதன் நோக்கம்.

2009 ஏப்ரல் 21 அன்று பிராட்காம் ஊரறியச் சொன்னது: ஒரு பங்குக்கு 9.25 டாலர் ரொக்கம், மொத்தம் சுமார் 76 கோடி டாலர். முந்தின நாள் எமுலெக்ஸ் பங்கு 6.61 டாலரில் முடிந்திருந்தது. ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல். பங்கின் விலை உடனே துள்ளி, 9.25-ஐயும் தாண்டியது.

இங்கே சற்று நிற்போம். ஒருவர் 9.25 தருகிறேன் என்று சொல்லும் பொருளை, 9.25-க்கு மேல் கொடுத்து இன்னொருவர் ஏன் வாங்குகிறார்? ‘இவர் விலையை உயர்த்துவார், அல்லது வேறொருவர் போட்டிக்கு வருவார்’ என்ற எதிர்பார்ப்பில்தான். அந்த நிமிடத்திலிருந்து சந்தையில் கைமாறுவது நிறுவனத்தின் மதிப்பு அல்ல. பிராட்காம் அதிகாரிகளின் மனதில் என்ன இருக்கிறது என்ற ஊகம். விலை சலுகைத் தொகைக்குக் கீழே நின்றால் ‘இது நடக்காமல் போகலாம்’ என்று சந்தை நினைப்பதாகக் கொள்ளலாம். மேலே நின்றால் ‘இன்னும் கொடுப்பார்கள்’ என்று நினைப்பதாகக் கொள்ளலாம். இதையே தொழிலாக வைத்து, வழக்கறிஞர்களையும் கணக்கர்களையும் சம்பளத்திற்கு அமர்த்தியிருக்கும் நிதி நிறுவனங்கள் உண்டு. அவர்களே அவ்வப்போது கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

எமுலெக்ஸ் மறுத்தது. நமது நிறுவனத்தின் எதிர்கால மதிப்பு இந்த விலையில் இல்லை. பொருளாதாரச் சரிவு நேரம் பார்த்து மலிவாக வாங்கப் பார்க்கிறார்கள் என்றது. பிராட்காம் இயக்குநர்களைக் கடந்து நேரே பங்குதாரர்களிடம் போனது. பிறகு ஜூன் இறுதியில் விலையை 11 டாலராக உயர்த்தியது. மொத்தம் 91 கோடி டாலருக்குச் சற்று மேல். எமுலெக்ஸ் அதையும் மறுத்தது. ஜூலை 9-ஆம் தேதி பிராட்காம் சலுகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டது. பங்கின் விலை சரிந்தது. ஏப்ரலில் தொடங்கிய கதை மூன்று மாதத்திற்குள் முடிந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பிராட்காம் காப்புரிமை வழக்குப் போட்டது. 2012-ல் எமுலெக்ஸ் 5.8 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2015 பிப்ரவரியில் அவாகோ என்ற நிறுவனம் எமுலெக்ஸை வாங்குவதாக அறிவித்தது. விலை பங்குக்கு 8 டாலர், மொத்தம் சுமார் 60 கோடி. ஆறாண்டுக்கு முன் 11 வேண்டாம் என்று சொன்ன அதே பங்கு. மே மாதம் வாங்கி முடித்தார்கள். அதே மே மாதம் அவாகோ பிராட்காமையே வாங்குவதாக அறிவித்து, பின்னர் பிராட்காம் என்ற பெயரையும் தனதாக்கிக்கொண்டது. சுற்றிச் சுற்றி எமுலெக்ஸ் பிராட்காம் என்ற பெயரின் கீழேயே போய்ச் சேர்ந்தது.

2009-ல் ‘இதை பிராட்காம் என்றைக்காவது வாங்கியே தீரும்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால், ஒரு வகையில் அவர் சொன்னது பலித்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சை நம்பி 10 டாலருக்கு வாங்கி, விடாமல் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது ஆறாண்டு கழித்து 8 டாலர். செய்தி சரியாக இருப்பது வேறு. அதை வைத்துப் பணம் வருவது வேறு.

அவாகோ கொடுத்த விலையும் போதாது என்று சில பங்குதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சந்தை விலைக்கு மேல் கொடுத்த கூடுதல் 26.4 சதவீதம், இதே போன்ற மற்ற வாங்கல்களின் சராசரிக்குக் கீழே அது இருப்பதைக் காட்டும் அட்டவணையைத் தங்களுக்குக் காட்டாமல் விட்டுவிட்டார்கள் என்பது வாதம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 2019 ஏப்ரலில் வாதங்களைக் கேட்ட நீதிமன்றம், முடிவு எதுவும் சொல்லாமலே அதைத் தள்ளிவிட்டது. சிறு பங்குதாரர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கை இங்கே தருகிறோம். பிராட்காம் 11 டாலர் என்று சொன்ன பிறகு ஒருவர் 10 டாலருக்கு 100 பங்குகள் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் 1,000 டாலர். வாங்கல் நடந்தால் 1,100 கிடைக்கும், லாபம் 100. நடக்காமல் விலை பழைய 6.61-க்கே திரும்பினால் கையில் 661, நஷ்டம் 339.

ஒரு முறை தோற்றால் மூன்று முறைக்கு மேல் வென்ற லாபம் போய்விடும். கணக்கு நட்டமில்லாமல் நிற்க வேண்டுமென்றால், இப்படிப்பட்ட நூறு வாய்ப்புகளில் 78-ஆவது பலிக்க வேண்டும். இது ஊரறிய அறிவிக்கப்பட்ட, விலை குறிப்பிட்ட, பணம் தயாராக உள்ள ஒரு சலுகைக்கான கணக்கு. அறிவிப்பே இல்லாத டெலிகிராம் பேச்சுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறோம். பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்துப் போடுங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகப் போடுகிறார்கள்.

நம் நாட்டில் என்ன சட்டம்?

நம் நாட்டில் ஒருவர் ஒரு நிறுவனத்தைக் கைப்பற்றும் அளவுக்குப் பங்கு சேர்த்தால், அது மறைவாக முடிந்துவிடாது. செபியின் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் 25 சதவீத வாக்குரிமையை எட்டுபவர், பொது பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது இன்னும் 26 சதவீதத்தை வாங்கிக்கொள்ள வெளிப்படையான சலுகை கொடுத்தாக வேண்டும். அறிவிப்பு பங்குச் சந்தையின் இணையதளத்தில் வரும். பங்கு வைத்திருப்பவருக்குக் கடிதம் வரும். சலுகை விலை இதற்குக் கீழே போகக்கூடாது என்று கணக்கிடும் முறையும் விதிகளில் இருக்கிறது. ஆக, உண்மையான வாங்கல் என்றால் அதற்கு ஒரு காகிதம் உண்டு. காகிதம் வந்த பிறகும் முடிவு செய்ய நாள் இருக்கும். ‘இன்றைக்கே வாங்கு, நாளை கதவு மூடிவிடும்’ என்று எந்த விதியும் சொல்லவில்லை.

வதந்தி கிளம்பி விலை ஆடினால் நிறுவனம் 24 மணி நேரத்திற்குள் ஆம், இல்லை என்று விளக்க வேண்டும் என்றும் ஒரு விதி வந்திருக்கிறது. இது 2024 ஜூன் முதல் மிகப் பெரிய 100 நிறுவனங்களுக்கும், அந்த டிசம்பர் முதல் 250 நிறுவனங்களுக்கும் பொருந்தும். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பட்டியலில் சிறிய நிறுவனங்கள் இல்லை. மேலும் விதி பேசுவது முன்னணி ஊடகங்களில் வந்த செய்தியைப் பற்றி; குழுக்களில் சுற்றும் செய்தியைப் பற்றி அல்ல. டெலிகிராம் குழுவில் சிறிய நிறுவனத்தின் பெயர் அடிபடுவதற்கும், பெரிய நிறுவனத்தின் பெயர் அவ்வளவாக அடிபடாததற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது நமது எண்ணம். சிறிய நிறுவனத்தில் வியாபாரமாகும் பங்குகளும் குறைவு. சில லட்சங்களிலேயே விலையை நகர்த்திவிடலாம்.

இன்னொன்றையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். நண்பர் சொன்ன இரகசியம் உண்மையிலேயே இரகசியமாகவும், உண்மையாகவும் இருந்தால், அதை வைத்துப் பங்கு வாங்குவதே குற்றம். வெளிவராத உள்தகவலை வைத்து வியாபாரம் செய்வதை செபியின் 2015 விதிகள் தடை செய்கின்றன. அப்படியானால் நம் கைப்பேசிக்கு வரும் ‘உள் செய்தி’ மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பொய்யாக இருக்கலாம். ஊரெல்லாம் அறிந்து விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டதாக இருக்கலாம். அல்லது உண்மையான இரகசியமாக இருந்து, தொட்டால் வழக்காக முடியலாம்.

அந்தத் தகப்பனார்

“80 வந்ததும் வித்துடுறேன், அதுவரைக்கும் ஃபீசுக்கு ஏதாவது வழி பண்ணுங்க” என்பதே அவர் கேட்டது. இந்த 80 என்ற எண் அவருக்கு மட்டும்தான் தெரியும், சந்தைக்குத் தெரியாது. அந்தப் பங்குக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: “இன்றைக்கு உங்கள் கையில் 2,30,000 ரூபாய் ரொக்கமாக இருக்கிறது. மகளின் கட்டணம் பாக்கி இருக்கிறது. அந்தப் பணத்திற்கு இந்தப் பங்கை இப்போது போய் வாங்குவீர்களா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மகனைப் பார்த்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். வாங்க மாட்டேன் என்றார்.

விற்கச் சொல்லவோ வைத்திருக்கச் சொல்லவோ நமக்கு உரிமையில்லை. அதற்கு உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். கல்வி நிதியிலிருந்தும் அவருக்குக் கொடுக்க முடியவில்லை. காத்திருப்போர் பட்டியலில் தகப்பனில்லாத ஏழு பிள்ளைகளின் பெயர் இருந்தது. பங்கு கையில் இருப்பவரை அவர்களுக்கு முன்னால் நிறுத்த மனம் வரவில்லை. அதை அவரிடமே சொன்னோம். சங்கடமாகத்தான் இருந்தது. முதலில் முகம் வாடினார்; பிறகு, “அதுதான் சரி” என்றார்.

மறு வாரம் 3,000 பங்குகளை 45 ரூபாய்க்கு விற்றதாக வந்து சொன்னார். 1,35,000 கிடைத்தது. குறைந்த 55,000-ஐ அழகிய கடனாக, பதினோரு மாதத் தவணையில், நமது நிதியிலிருந்து கொடுத்தோம். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். மீதி 2,000 பங்குகள் இன்னும் அவரிடம் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று தகப்பனும் மகனும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

தவணையின் முதல் மாதத் தொகையை மகன்தான் கொண்டுவந்து கட்டினார். டெலிகிராம் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாகச் சொன்னார். நாம் கேட்கவில்லை.

இதே போன்ற நிலையில் இருப்பவர்கள் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு அஸருக்குப் பின் நமது அலுவலகத்தில் நடக்கும் அமர்வுக்கு வரலாம். டீமேட் கணக்கின் அறிக்கையையும், வாங்கச் சொல்லி வந்த செய்தியையும் கைப்பேசியில் அழிக்காமல் கொண்டுவாருங்கள். பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு. கணவருக்கோ மகனுக்கோ தெரியாமல் கேட்க வேண்டியது இருந்தாலும் கேட்கலாம்.